கொழுந்துக்கு வைத்த ஜன்னல்

முதலில் அந்த ஸ்டோரின் அழகைச் சொல்லிவிடுகிறேன். அசிங்கமான கட்டடம் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அது அழகாக இருந்து தொலைப்பதுதான் என் வயிற்றெரிச்சலுக்கே காரணம்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. எங்கள் மலையில் சின்னப் பிள்ளை முதல் துரை வரை எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம். கொட்டகலையைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, கடைசி வளைவில் திரும்பினால் அது முழுதாகக் கண்ணில் படும். கீழே கருங்கல். அதன்மேல் மாடிக்கு மேல் மாடியாக மரமும் தகரமும். நான்கு பக்கமும், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஜன்னல். கூரையின் உச்சியில் சூடு வெளியே போவதற்கென்று இன்னொரு குட்டிக் கூரையைத் தூக்கி வைத்திருப்பார்கள். பச்சைச் சாயம் அடித்த ஜன்னல் கதவுகள் அத்தனையும் திறந்து கிடந்த நாட்களில், அவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் கனமே இல்லை என்று தோன்றும்.

அந்த ஜன்னல்களைத் திறந்து மூடுவதுதான் எங்கள் அப்பாவின் வேலை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி வாட வைக்க வேண்டும். எந்தப் பக்கம் காய்ந்த காற்று வருகிறதோ அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். பனி ஏறி வந்தால் ஓடிப் போய் அந்த வரிசையை மூட வேண்டும். காற்று திரும்பினால் அப்பாவும் திரும்ப வேண்டும். ஒரு ஜன்னலைத் திறக்க மறந்தாலும் ஸ்டோர் அதிகாரியான டீமேக்கர் வாய்க்கு வந்தபடி ஏசுவார். "கொழுந்துக்கு மூச்சு முட்டக் கூடாது" என்பதுதான் அங்கே சட்டம். மூச்சு முட்டினால் கொழுந்து வெந்து சிவந்துவிடும், அதில் எடுக்கும் தூளுக்கு மணம் இருக்காது. இப்படி நாள் பூராவும் கொழுந்துக்கு ஜன்னல் திறந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அப்பா கீழே இறங்கி ஜன்னலே இல்லாத எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்து படுத்துக்கொள்வார். படுத்துக்கொண்டு இருமுவார். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த லயம் ஸ்டோருக்குக் கீழே சரிவில் இன்னும் இருக்கிறது. நீளமாக ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர் போட்டுத் துண்டு துண்டாக்கியிருக்கிறார்கள். ஒரு துண்டு ஒரு குடும்பத்துக்கு. முன்பக்கம் இஸ்தோப்பு என்று சொல்லும் தாழ்வாரம், அதன் மூலையில் அடுப்பு. உள்ளே ஓர் அறை, அதுதான் காம்பரா. கதவு ஒன்று. பின்பக்கம் கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய முழுச் சுவர். அந்தச் சுவர்தான் மேலே ஸ்டோரைப் பார்த்திருக்கிறது. அதில் ஒரு விரல் நுழையும் துளைகூடக் கிடையாது.

நடுக் காம்பராவில் இப்போது என் அக்கா இருக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, பண்டிகைக்கு வருவார். அக்கா கொழுந்து பறிக்கப் போவாள், முடியாத நாளில் படுத்துக் கிடப்பாள். அவளுக்கு வீசிங். அடுப்புப் புகை கதவு வழியாக வெளியே போகாமல் உள்ளே வரும். மழைக்காலத்தில் பின்சுவர் வியர்க்கும். அதில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்து, தலையணை வரைக்கும் அந்த ஊசல் நாற்றம் ஏறிவிடும். ஹட்டனிலிருந்து நான் போய் ஒரு பொழுது தங்கினாலே திரும்பும்போது என் சட்டையில் அந்த நாற்றம் இருக்கும். எத்தனை தரம் துவைத்தாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பதாகவே எனக்குப் படும்.

ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் கட்டடப் படம் வரைவது என் பிழைப்பு. பல காலம் மூடிக் கிடந்த அந்த ஸ்டோரை ஹோட்டலாக மாற்றப் போகிறோம், உள்ளது உள்ளபடி அளந்து வரைந்து தர ஆள் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கேட்டு வந்தார்கள். அது என் தோட்டத்து ஸ்டோர் என்று தெரிந்ததும் முதலாளி என்னையே அனுப்பினார். "இடம் தெரிஞ்ச புள்ள, போய் அளந்துட்டு வா" என்றார். நானும் அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனேன். அப்பா காலத்தில் பெண்களுக்கு மேல்மாடியில் வேலை கிடையாது. கொழுந்தை வாசலில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு மேலே போய்ப் பார்க்க ஆசை இருந்தது.

மேலே போனதும் அளக்க வந்ததையே மறந்தேன். வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலை ஏறிய தூண்கள். தரைப் பலகை அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அசையவில்லை. பலகைக்கு அடியில் காற்று ஓட இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஜன்னல் சட்டத்தின் அடியில் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வெளியே வழிய ஒரு சின்னச் சரிவு. எந்தக் காற்றுக்கும் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கொக்கி. ஒரு ஜன்னல் விடாமல் அப்படி. நான் படம் வரைபவள், ஒருவன் யோசித்துக் கட்டியதா இல்லையா என்று எனக்குத் தெரியும். இது யோசித்து யோசித்துக் கட்டியது. ஓர் இலைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று ராத்தூக்கம் கெட்டு யோசித்திருக்கிறான்.

கொழும்பிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் வந்திருந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் பேசுவார், என்னோடு உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். ஒருநாள் மேல்மாடியில் நின்று, "மிஸ், இது ஃபேக்டரி இல்ல. இது ஸ்கொட்லாந்து மில்லு. பாருங்க" என்று டேப்லெட்டை நீட்டினார். இந்த ஸ்டோரைக் கட்டின முதல் துரை அங்கே தானியம் அரைக்கும் மில்காரக் குடும்பத்துப் பிள்ளையாம். தன் ஊர் மில்லை மனதில் வைத்துத்தான் இதைக் கட்டியிருக்கிறான் என்றார். படத்தில் ஓர் ஓடைக்கரையில் கல்லால் கட்டிய உயரமான மில் நின்றது.

அவர் விவரித்துக்கொண்டே போனார். அந்த நாட்டிலும் எங்களூர் மாதிரி ஓயாத மழையாம். அறுத்த ஓட்ஸ் ஈரமாகவே வருமாம். அதை அப்படியே அரைக்க முடியாது. அதனால் மில்லின் ஒரு பக்கத்தில் சூளை கட்டி, அதன்மேல் துளை போட்ட இரும்புத் தளம் வைத்து, கீழே நெருப்பு மூட்டி மேலே தானியத்தைக் காய வைப்பார்களாம். ஆவி போகக் கூரையின் உச்சியில் ஒரு வழி. காய்ந்த தானியத்தை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டால் போதும், அங்கிருந்து தானாகவே இறங்கி, நடுமாடியில் கல்லில் அரைபட்டு, கீழ்த்தளத்தில் மாவாக வந்து விழும். சுவருக்கு வெளியே ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பெரிய சக்கரத்தில் விழ விடுவார்கள். அந்தச் சக்கரம்தான் உள்ளே எல்லாவற்றையும் சுற்றும்.

கேட்கக் கேட்க எனக்கு எங்கள் ஸ்டோர்தான் தெரிந்தது. மேல்மாடிக்கு ஏற்றிய கொழுந்து, வாடியதும் தரையில் வெட்டிய ஓட்டை வழியாகக் கீழே உருட்டு மெஷினுக்கு விழும். பிறகு அடுப்புச் சூட்டில் காயும். கூரை உச்சியில் அதே குட்டிக் கூரை. வெளியே அதே வாய்க்கால், அதே சக்கரக் குழி. சக்கரத்தை எங்கள் ஆட்கள் ரோதை என்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு ரோதைமுனி என்று கும்பிட்டார்கள், கை கால் மெஷினில் மாட்டாமல் இருக்கச் சேவல் அறுத்தார்கள். ஸ்கொட்லாந்தில் இல்லாதது அந்த முனி மட்டும்தான் என்று சொல்லி நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சிரித்தபடியே படத்தைப் பெரிதாக்கினேன். மில்லை ஒட்டி ஒரு குட்டி வீடு தெரிந்தது. கல் வீடு. நடுவில் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். கூரையில் புகை போகப் புகைக்கூண்டு.

"இது யாரு வீடு சார்? மொதலாளி வீடா?"

"இல்ல மிஸ். மில்லுல வேலை செஞ்ச ஆளோட வீடு. மொதலாளி வீடு வேற இடத்துல."

என் கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தேன். அதுவரைக்கும் நான் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ஆட்கள், மனிதன் எப்படி வசிக்க வேண்டும் என்று தெரியாமல் கட்டிவிட்டார்கள், அறியாமை, போகட்டும் என்று. அறியாமை இல்லை. அந்த முதல் துரைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வேலைக்காரன் வீட்டுக்கு ஜன்னல் வேண்டும், புகைக்கு ஒரு வழி வேண்டும் என்று பார்த்துத்தான் அவன் வளர்ந்திருக்கிறான். கடல் தாண்டி வரும்போது மில்லின் கூரையைக் கொண்டுவந்தான், வாய்க்காலைக் கொண்டுவந்தான், சக்கரத்தைக் கொண்டுவந்தான், தூணைக் கப்பலில் ஏற்றினான். அந்தக் குட்டி வீட்டை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். இலைக்கு மூச்சு உண்டு என்று கண்டுபிடித்தவனுக்கு எங்களுக்கும் மூச்சு உண்டு என்று தெரியாதா? டேப்லெட்டைத் திருப்பி நீட்டினேன். ஆர்க்கிடெக்ட் என்ன ஆயிற்று என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, அவனுடைய அருமையான ஜன்னல் ஒன்றைத் திறந்து வெளியே தலையை நீட்டினேன். நேர் கீழே எங்கள் லயத்தின் பின்சுவர் மொட்டையாகத் தெரிந்தது.

சில நாட்களில் ஹோட்டல்காரர்கள் லயத்து ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. ஹோட்டல் மேனேஜர் வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக வந்து நின்றார். ஹோட்டல் வந்தால் உங்களுக்கும் நல்லது என்றார். கூரைக்குச் சாயம் அடிப்போம், லயத்துப் பின்பக்கம் பூந்தோட்டம் போடுவோம் என்றார். கடைசியாக, "பின்சுவர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்டோர்ல இருக்கிற மாதிரியே அழகான ஜன்னல் வச்சுத் தரப் போறோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ஏ புள்ள, நெசமாவே வைப்பாங்களா? ஏமாத்த மாட்டாங்கள்ல?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "களத்துல எல்லாருக்கும் முன்னாடி சொல்லியிருக்காங்க அக்கா, வைக்காம எங்க போவாங்க" என்றேன். அடுத்த தரம் நான் போனபோது காம்பராவையே புரட்டிப் போட்டிருந்தாள். பின்சுவரில் மாட்டியிருந்த சாமிப் படங்கள் அத்தனையும் பக்கச் சுவருக்கு மாறியிருந்தன. கட்டிலை இழுத்து, ஜன்னல் வரப் போகிற இடத்துக்கு அடியில் போட்டிருந்தாள். படுத்தால் முகத்தில் காற்றுப் பட வேண்டுமாம். ஹட்டன் கடைத்தெருவிலிருந்து மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலைத் துணி வாங்கி வரச் சொல்லி, ஓரம் அடித்து மடித்து வைத்திருந்தாள். "மழக்காலத்துக்கு முந்தி வச்சிட்டாங்கன்னா இந்த வருசம் ஆஸ்பத்திரிக்குப் போற வேல மிச்சம்" என்றாள். போன வருஷம் ஆனி ஆடி மழையில் அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் மேலே ஸ்டோர் ஹோட்டலாகிக்கொண்டிருந்தது. வரைந்ததைச் சரி பார்க்க நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று என் கண்ணைக் குத்தும். கொழுந்து வாட வைத்த மாடியில் தடுப்பு வைத்துப் படுக்கையறைகள் செய்தார்கள். அதற்கு 'வாட்டும் அறை' என்று ஆங்கிலத்தில் பெயர்ப் பலகை. காசு கொடுத்து வாட வருகிறார்களாம். சக்கரக் குழியில் தண்ணீர் விட்டுத் தங்க மீன் வளர்த்தார்கள். ரோதைமுனிக் கல்லைக் கழுவித் துடைத்து, அடியில் விளக்குப் பொருத்தி, படம் பிடிக்கும் இடமாக்கினார்கள். விருந்தாளிகள் கொழுந்து பறிப்பது மாதிரி நிற்க வாசலில் புதுக் கூடைகள் தொங்கின. அந்தக் கூடைக்கு ஒரு ரிப்பன் வேறு. பொறுமை, பொறுமை, ஜன்னல் வந்துவிடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜன்னல் வந்தது. பச்சைச் சாயம் அடித்த புத்தம்புதுச் சட்டங்கள், கதவோடு சேர்த்து, லொறியில் வந்து இறங்கின. அக்கா போன் செய்து, "பூச சாமான் வாங்கிட்டு ஓடி வா" என்றாள். ஒரு வீட்டுக்கு நிலை வைக்கும்போது சும்மா வைக்க மாட்டோம். மஞ்சள் பூசி, சந்தனம் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, பெண்கள் நிலையைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் தூக்கி நிறுத்துவார்கள். அது கதவு நிலைக்குச் செய்வது. ஜன்னலுக்குச் செய்ய வேண்டுமா என்று லயத்தில் பேச்சு வந்தது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாருக்கும் ஜன்னல் வைத்துப் பழக்கமில்லை. "கதவு வழியா லச்சுமி வருவான்னா ஜன்னல் வழியா வர மாட்டாளா? செய்ங்க" என்று அக்காதான் முடிவு சொன்னாள்.

பின்பக்கத்தில் சட்டங்களை வரிசையாகச் சாய்த்து வைத்து, பெண்கள் எல்லோரும் கூடி நின்று பொட்டு வைத்தார்கள். குளித்து, நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பக்கத்துக் காம்பரா அண்ணன் தேங்காயை உடைத்தார், சரி பாதியாக உடைந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். தச்சு வேலைக்கு வந்த பாஸ், அதாவது மேஸ்திரி, ஒரு சிங்களவர், நல்ல மாதிரி. பூசை முடியும் வரை பொறுமையாக நின்று தேங்காயும் பழமும் வாங்கித் தின்றார். எங்கள் சட்டத்தைத் தூக்கும்போது அக்கா இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே ஓடினாள். சுவர் உடைக்கும்போது மண் விழுமே என்று கட்டில்மேல் சாக்கு விரித்திருந்தாள். கட்டிலையும் இழுத்து ஓரமாக்கிவிட்டு உள்ளே காத்து நின்றாள்.

வெளியே பாஸ் சட்டத்தைச் சுவரில் ஒட்ட வைத்து, துளை போட்டு, ஆணி முறுக்கினார். நான்கு மூலையிலும் முறுக்கினார். கையால் தட்டிப் பார்த்தார். பிறகு சாமான்களை எடுத்துக்கொண்டு அடுத்த காம்பராவின் சுவருக்கு நகர்ந்தார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "என்ன புள்ள, எப்ப ஒடைப்பாங்க?"

நான் போய் அந்த ஜன்னல் கதவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கீல் இல்லை. கதவும் சட்டமும் ஒரே பலகையில் அடித்துச் செய்தது. ஜன்னல் மாதிரிச் செதுக்கிய ஒரு பலகையைச் சுவரில் அறைந்திருக்கிறார்கள். பாஸிடம் சிங்களத்தில் கேட்டேன். "இவ்வளவுதான் மிஸ் எங்களுக்குச் சொன்னது. சுவரைத் தொட வேண்டாம் என்றார்கள்" என்றார். அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், தேங்காய்ச் சில்லைக் கீழே வைத்துவிட்டார். லயம் முழுக்கப் பெண்கள் பொட்டு வைத்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே போய் அக்காவிடம் அதைச் சொல்ல வேண்டியவள் நானாகப் போய்விட்டேன். அவள் கையில் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை இருந்தது. கேட்டுவிட்டு அதைத் திரும்ப மடித்தாள்.

நேரே மேலே ஏறிப் போனேன். மேனேஜர் அதே சிரிப்போடு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"மிஸ், கெஸ்ட் ரூம்ல இருந்து பார்த்தா ஒரே மொட்டச் சுவர். ஜெயில் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அதான் இப்படிச் செஞ்சோம். இப்ப எவ்வளவு அழகா இருக்கு, வந்து பாருங்க."

"உள்ள இருக்கிறவங்களுக்கு ஜெயிலா இருக்கிறது பரவாயில்லையா?"

"அது தோட்டக் கம்பெனிச் சுவர் மிஸ். ஒடைக்க எங்களுக்கு உரிமை இல்ல. வெளிப்பக்கம் மட்டும்தான் எங்க வேலை. அப்புறம் நெஜ ஜன்னல் வச்சா புகை வரும், துணி காயப் போடுவாங்க, கெஸ்ட்டை எட்டிப் பார்ப்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னார். "உங்க ட்ரோயிங்கப் பார்த்துத்தான் செஞ்சோம் மிஸ். அச்சு அசலா அந்தப் பழைய ஜன்னல் மாதிரியே வந்திருக்கு, இல்லையா?"

நான் வரைந்த படத்தில் கீல் இருந்தது. கொக்கி இருந்தது. மழைத் தண்ணீர் வழியும் சரிவு இருந்தது. காற்று எப்படி வருகிறது என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பச்சைச் சாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழைய துரையாவது ஜன்னல் வைக்காமல் விட்டான். இவர்கள் வைத்தது மாதிரிக் காட்டிவிட்டார்கள். இரண்டில் எது கேவலம் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே கிடையாது. மேனேஜரின் மேசையில் பிஸ்கட்டும் தேநீரும் வந்து நின்றன. அதைத் தொடாமல் வெளியே வந்தேன்.

ஹோட்டல் திறந்தது. லயத்துப் பின்பக்கம் நீலப் பூச்செடிகள் நட்டார்கள். மேலே ஜன்னலோரம் நின்று விருந்தாளிகள் லயத்தைப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்கள் விளம்பரத்திலும் வந்தன. பச்சை ஜன்னலும் நீலப் பூவுமாக எங்கள் லயம் கண்ணைப் பறித்தது. பார்க்கிறவர்களுக்கு அந்த ஜன்னலுக்குப் பின்னால் என்ன தெரியப் போகிறது.

பிறகு மழை பிடித்தது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் இறங்கித் தங்கியதால் அந்த வருஷம் ஈரம் இன்னும் மோசம். பூஞ்சணம் அந்தப் பலகையின் அளவுக்கே, அதே சதுரமாக, உள்பக்கச் சுவரில் பூத்தது. அக்காவுக்குப் பேச்சு நின்று, நெஞ்சிலிருந்து விசில் மட்டும் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மூக்கில் குழாய் வைத்து ஆவி பிடிக்க வைத்து, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "காத்தோட்டமான இடத்துல படுக்க வைங்க" என்று டொக்டர் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டொக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த அக்கா, மூச்சு நிதானத்துக்கு வந்ததும், "பக்கத்து அண்ணன்கிட்ட அலவாங்கு வாங்கிட்டு வா" என்றாள்.

"தோட்டத்துச் சுவரு அக்கா. கேஸு போடுவாங்க. வீட்ட விட்டுப் போன்னு சொல்லுவாங்க."

"செத்தா தூக்கிட்டுத்தானே போவாங்க. அப்ப மட்டும் வீட்டுல வச்சுக்குவாங்களா? வாங்கிட்டு வா."

பக்கத்துக் காம்பரா அண்ணன் அலவாங்கு என்கிற கடப்பாரையோடு தானும் வந்துவிட்டார். எவ்வளவு அகலம் உடைக்கலாம், மேலே கல் சரியாமல் இருக்க என்ன வைக்க வேண்டும் என்று சுவரில் கரித்துண்டால் நான் கோடு போட்டேன். முதலில் மேல் வரிசையில் கல்லைப் பெயர்த்து ஒரு யூகலிப்டஸ் கட்டையைக் குறுக்கே இறக்கினோம். அதன் பிறகு கீழே இடிக்கத் தொடங்கும் நேரத்தில் அக்கா, "நில்லுங்க" என்றாள். ஈரத் துணியும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். மழையில் பாதி கரைந்து போயிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அந்தப் பலகையிலிருந்து துடைத்தெடுத்தாள். கற்பூரம் காட்டினாள். "ஒன்மேல கோவம் இல்ல தாயி. பொய்யா வச்சான் பாரு, அவன்மேலதான்" என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பலகைக்குக் காட்டிய மரியாதையில் கால்வாசியை யாராவது அவளுக்குக் காட்டியிருக்கிறார்களா என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

உள்ளே அண்ணன் அலவாங்கை மண் சாந்தில் இறக்கினார். கல் ஒவ்வொன்றாக வந்தது. அத்தனை பெரிய சுவர் அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. கடைசிக் கல் எடுத்ததும் பலகையின் முதுகு தெரிந்தது. சாயம் அடிக்காத முதுகு, கறுத்து ஊறி, புழு நெளிந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி ஓர் உதை விட்டாள். அசையவில்லை. அண்ணன் அலவாங்கால் நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டு, பலகை அப்படியே வெளியே பூச்செடிமேல் குப்புற விழுந்தது. காற்று முகத்தில் அறைந்தது. பக்கச் சுவரில் சாமிப் படங்கள் படபடவென்று ஆடின.

மறுநாள் காலையில் மேனேஜரின் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். தோட்டத்து ஆபீசுக்குச் சொல்லியாகிவிட்டது, வருவார்கள் என்றான். வரட்டும் என்றேன். அவன் போகும்போது அடுத்த காம்பராவுக்குள்ளிருந்து டங் டங்கென்று அலவாங்குச் சத்தம் கேட்டது.

அக்கா கட்டிலில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் திரைச்சீலை அவள் தலைக்கு மேல் பறந்தது. மேலே வாட்டும் அறையின் ஜன்னலில், அப்பா திறந்து மூடிய வரிசையில் ஒன்றில், ஒரு வெள்ளைக்காரம்மா கையில் கோப்பையோடு வந்து நின்றாள். ஓட்டையில் அக்காவின் முகத்தைக் கண்டதும் சிரித்து, கை ஆட்டினாள். போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானாள்.

அக்கா கை ஆட்டவில்லை. வாய் நிறையச் சாறு. இத்தனை வருஷமும் துப்புவதென்றால் எழுந்து, காம்பராவைத் தாண்டி, இஸ்தோப்பைத் தாண்டி, வாசலுக்கு வந்துதான் துப்பியிருக்கிறாள். அன்றைக்கு இருந்த இடத்திலேயே தலையை வெளியே நீட்டி, அந்த நீலப் பூக்கள்மேல், நிதானமாகத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தாள்.

"இதுக்குத்தான் புள்ள ஜன்னலு" என்றாள்.